மதிகெட்டான் வீடு

அத்தியாயம் 12

சின்னாறு சோதனைச்சாவடியில் வனக்காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார். அதே நேரத்தில் அன்சிலாவின் மடியில் கிடந்த போன் அதிரத் தொடங்கியது.

அத்தா.

“எடுக்காதே” என்றான் ஃபிரோஸ்.

“எடுக்கலைன்னா இன்னும் சந்தேகப்படுவாரு.”

“அப்ப நீயே பேசிக்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வண்டி ஓட்டறேன், அவ்வளவுதான்.”

அவனுக்கு முப்பத்துநாலு வயது. பாலக்காட்டுச் சித்தூர் கடைவீதியில் குடும்பக் கடையான ‘மதி ஸ்டோர்ஸ்’ வியாபாரத்தில் பாதி அவன் வாயால்தான் நடக்கிறது. இருந்தும் பெற்ற அத்தாவின் அழைப்பைத் திரையில் பார்த்ததும் ஸ்டியரிங்கில் கை இறுகிவிட்டது. அன்சிலாவுக்கு அண்ணன்மேல் கோபம் வரவில்லை. அவளும்தான் போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் தானாக அடங்கியது. வண்டி காட்டுக்குள் நுழைந்தது.

அத்தாவிடம் சொல்லாமல் கிளம்பிய பயணம் இது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அக்கா ஹஸீனா நிறைமாதமாகப் படுத்திருக்கிறாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. அறுவைதான் வழி, ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதற்கு மேல் இன்னொரு இடி. ஹஸீனாவின் ரத்தம் ‘பாம்பே குரூப்’. மேலோட்டமாகச் சோதித்தால் ஓ குரூப் போலத் தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிர் தங்காது. அதே அபூர்வ ரத்தம்தான் வேண்டும். கொடையாளர் குழு ஒன்றின் தயவில் கோழிக்கோட்டிலிருந்து ஒரு பை வந்து சேர்ந்திருந்தது. இன்னொன்றாவது கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்கிறார் டாக்டர்.

“வெளியே தேடறதைவிட உங்க குடும்பத்துக்குள்ள தேடுங்க. இது ரத்த உறவுலதான் ஓடும்” என்றார்.

அத்தாவும் பிள்ளைகளும், அம்மா ஐசும்மா வழியில் ஒருவர் பாக்கியில்லாமலும் கையை நீட்டிப் பார்த்தாயிற்று; யாருக்கும் பொருந்தவில்லை. அத்தா வழியில்தான் ஆளே இல்லை. “நான் ஒத்தைப் பிள்ளை” என்று சைனுதீன் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் மூன்று பிள்ளைகளும்.

அதனால்தான் அன்சிலா அத்தாவின் வீட்டுப்பெயரைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தாள். ‘மதி’ என்கிற வீட்டுப்பேர் சித்தூரில் வேறு எவருக்கும் இல்லை. பக்கத்துப் புதுநகரத்தில் இல்லை. பாலக்காட்டு ராவுத்தர் தெருக்களிலும் இல்லை. கேட்டால், “மதின்னா நிலா. அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?” என்பார் அத்தா. போன வாரம் கடைக் குடோனில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த பழைய தகரத்தைப் புரட்டியபோதுதான், அடிப்பக்கத்தில் நீல எழுத்துகளைப் பார்த்தாள். ‘கெட்டான் ஸ்டோர்ஸ்’.

பெயர்ப்பலகையை யாரோ நடுவில் வெட்டியிருந்தார்கள்.

மதிகெட்டான். அந்தப் பெயரில் இடுக்கி மலையில் ஒரு சோலைக்காடு இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு, கொழுக்குமலைக்குப் போன யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் ஒரு ஜீப்பின் முன்கண்ணாடி. ‘மதிகெட்டான் வீடு, சூரியநெல்லி’. காட்டின் பெயரை வண்டிக்கு வைப்பவர்கள் ‘வீடு’ என்று எதற்கு எழுத வேண்டும்? கண்ணாடியில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். “அது எங்கம்மாவோட வீட்டுப்பேரு” என்றான் எதிர்முனையில் ஒருவன். “நாங்க சித்தூர்லேருந்து பேசறோம்” என்று அவள் சொன்னதுமே இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தமுறை எடுத்தாள்.

“எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“சின்னாறு தாண்டிட்டோம்த்தா. மூணாறு பக்கம் போறோம்.”

“அக்காளை ஆஸ்பத்திரியில போட்டுட்டு மூணாறுல என்ன சோலி?”

“ரத்தத்துக்காகத்தான். சூரியநெல்லியில ஒரு குடும்பம் இருக்குதுங்க. வீட்டுப்பேரு மதிகெட்டான்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்தப் பேரை உனக்கு ஆரு சொன்னா?”

எப்போதும் இருக்கும் அதட்டல் அத்தாவின் குரலில் இல்லை. இருந்திருந்தால் அன்சிலா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

“குடோன்ல பலகையைப் பார்த்தேன்.”

“வண்டியத் திருப்பச் சொல்லு.”

“ஏன்த்தா?”

“திருப்பச் சொல்லு. அங்க நமக்கு ஆரும் இல்லை. ரத்தத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

“எங்கேருந்து பண்ணுவீங்க?”

அத்தா போனை வைத்துவிட்டார்.

ஃபிரோஸ் வண்டியை ஓரங்கட்டினான். இரண்டு பக்கமும் முள்மரங்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

“கேட்டேயில்ல? திருப்பச் சொல்றாரு.”

“நீங்க அத்தாவைத்தான் கேட்டீங்க. நேத்து டாக்டர் சொன்னதைக் கேக்கலையா?”

“அவரு காரணமில்லாம சொல்ல மாட்டாரு, அன்சி. என்னவோ பழைய பகை இருக்கு. போய் அவமானப்பட்டுட்டு வரணுமா?”

“அக்காவுக்கு என்ன ஆனாலும் பரவாயில்லைன்னா திருப்புங்கண்ணா. நான் பேசாம உக்காந்து வர்றேன்.”

ஃபிரோஸ் கியரைப் போட்டான். வண்டி மறையூரை நோக்கி ஏறியது.

மூணாற்றில் சுற்றுலா வண்டிகள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அங்கே வீணாகும் நேரத்தை அன்சிலா போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேவிகுளம் தாண்டி, பாறையைக் குடைந்து போட்ட சாலையில் பனி இறங்கியிருந்தது. சின்னக்கானலை விட்டு சூரியநெல்லிக்குள் நுழைந்தபோது மதியத் தொழுகை நேரம் ஆகிவிட்டது.

கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. சூரிய உதயம் பார்க்கப் போன காலை ஓட்டம் முடிந்து, ஓட்டுநர்கள் சேறு கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், தகரக் கூரை போட்ட ஒரு சாயாக்கடையின் முன்னால் அந்த ஜீப். கண்ணாடியில் அதே எழுத்து.

சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான்.

“கொழுக்குமலைக்கா? இப்பப் போனா ஒண்ணும் தெரியாதுங்க. விடிய வெள்ளன வரணும்.”

“மலைக்கு வரலைங்க. நான்தான் அன்னைக்குப் போன் பண்ணினேன். சித்தூர்லேருந்து.”

துணியை வாளியில் போட்டான்.

“போன்ல சொன்னது புரியலையா?”

“நீங்க ஒண்ணுமே சொல்லலையே. ஒரு உயிர் விஷயங்க. எங்கக்கா...”

“உயிரா? சித்தூர்க்காரங்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?”

“ரிஜினு, யாருடா அது?”

கடைக்குள்ளிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. தலையைச் சுற்றி முக்காடு, அதற்கு மேல் குளிருக்கு ஒரு கம்பளித் துண்டு. அன்சிலாவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்போது ஃபிரோஸ் காரிலிருந்து இறங்கினான். அவள் கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

“ஃபிரோஸ்” என்றாள்.

கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பெயரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

ஃபிரோஸ் தங்கையைப் பார்த்தான். அன்சிலா தலையசைத்தாள், நான் சொல்லவில்லை என்று.

“எங்கத்தா காது. அப்படியே இருக்கு” என்றாள் அந்தப் பெண். “பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி உன்னைய விட்டுட்டு வந்தேன். இடுப்பை விட்டு எறங்க மாட்டே.”

“நீங்க யாருங்க?” என்றாள் அன்சிலா.

“சைனுதீன் ராவுத்தருக்குக் கூடப்பொறந்தவ. மைமூன்.”

“அத்தா ஒத்தைப் பிள்ளைன்னுதானே...”

“அப்படியா சொல்லி வச்சிருக்காக?” மைமூன் கொஞ்சம் சிரித்தாள். “சரி, உள்ள வாங்க. நின்னுக்கிட்டே என்ன பேச்சு. தண்ணி குடிங்க முதல்ல.”

தூரத்துச் சொந்தம் ஏதாவது அகப்படும், தாத்தாவின் பங்காளி வழியில் ஒரு ஆள் கிடைக்கும், அதற்குமேல் அன்சிலா எதிர்பார்க்கவில்லை. அண்ணனும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஃபிரோஸ் குனிந்த தலை நிமிரவில்லை.

சாயா வந்தது. அன்சிலா அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நஞ்சுக்கொடி, அறுவை, ஒரு பை ரத்தம். ‘பாம்பே குரூப்’ என்று அவள் சொன்னதும் மைமூன் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள்.

“எனக்கும் அதேதான்.”

அன்சிலாவுக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் பொங்கியது. அல்லாவே, கிடைத்துவிட்டது. ஆனால் மைமூனின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே வற்றிப்போனது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்ங்க?”

“நான் சொல்றேன்” என்றான் ரிஜின், வாசலில் நின்றபடி.

“வேணாம்டா.”

“தெரியட்டும்மா. இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, தெரிஞ்சுட்டுப் போகட்டும்.” அவன் உள்ளே வந்தான். “எனக்கு அஞ்சு வயசு. அம்மாவுக்கு ரெண்டாவது பிரசவம். ரத்தம் நிக்கலை. எஸ்டேட்ல இருந்த ஆளுங்க அத்தனை பேரும் போய்க் கை நீட்டினாங்க. எதுவும் ஒத்துக்கலை. கூடப்பொறந்தவங்க யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாரு டாக்டரு. எங்கப்பா ரத்தினசாமி எஸ்டேட் லாரியை எடுத்துக்கிட்டு நேரா சித்தூருக்குத்தான் வந்தாரு. முன்சீட்டுல நான்.”

அடுப்பில் பால் பொங்கி வடிந்தது. மைமூன் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

“உங்க கடைப்படியில நின்னு அப்பா கைகூப்பினாரு. உள்ள வரக்கூட இல்லை. உங்கத்தா எந்திரிச்சு வந்து, எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லைன்னு சொன்னாரு. அவ்வளவுதான். எனக்குப் படிக்கத் தெரிஞ்ச வயசு. மேல இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மதி ஸ்டோர்ஸ்.”

“அப்புறம்?” ஃபிரோஸ்தான் கேட்டான். இங்கே வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

“என் தம்பி போயிட்டான். அம்மா எப்படியோ பொழச்சுது.”

அன்சிலா எழுந்துவிட்டாள். அவளுக்கு அங்கே உட்கார முடியவில்லை. சிறுவயதில் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அத்தாவைத்தான் அவளுக்குத் தெரியும். இந்த ஆளை அவளுக்குத் தெரியாது.

“வாங்கண்ணா, போலாம்.”

“உக்காரு” என்றாள் மைமூன். “கேக்க வந்ததைக் கேக்காமப் போறதுக்கா இத்தனை மலை ஏறி வந்தே?”

“கேக்கறதுக்கு வாய் வரலீங்க, மாமி.”

அத்தாவின் தங்கையை அழைக்கும் அந்த முறைச்சொல் தானாக வந்து விழுந்தது. மைமூன் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவிக் கொடியில் போட்டாள்.

“ரிஜினு, கடையைப் பூட்டிக்க. பால்காரர்கிட்ட நாளைக்கு வேணாம்னு சொல்லிரு.”

“போகாதம்மா.”

“போறேன்.”

“அந்த ஆளு பொண்ணுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“அந்த ஆளு பொண்ணுக்கு இல்லடா. அன்னைக்கு நான் கெடந்த மாதிரி இன்னைக்கு ஒருத்தி கெடக்கா. அவளுக்கு.”

“நான் வர மாட்டேன். சொல்லிட்டேன்.”

“உன்னைய யாரு கூப்பிட்டா?”

ஒரு மஞ்சள் பையில் மாற்றுப் புடவை, மாத்திரை, கண்ணாடி. கார் கதவைத் திறந்து அவளே ஏறி உட்கார்ந்தாள். ரிஜின் ஜீப்பில் சாய்ந்து நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி திரும்பும்போது அன்சிலா பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அப்போதும் அவன் திரும்பவில்லை.

வண்டி பெரியகானல் இறக்கத்துக்கு வந்தது. தேயிலைக்குள்ளிருந்து பனி விலகி, கீழே அணைத் தண்ணீர் தெரிந்தபோது அன்சிலா மெல்லக் கேட்டாள்.

“மாமி, இந்தப் பேரு நமக்கு எப்படி வந்துச்சு? பைத்தியம் புடிச்ச ஆளு யாராச்சும் இருந்தாங்களா வீட்டுல? அதனாலதான் வெட்டிட்டாங்களோன்னு நினைச்சேன்.”

“பைத்தியமா?” மைமூன் வாய்விட்டுச் சிரித்தாள். “எங்கத்தா கேட்டிருந்தா உன்னைய உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாக. நம்ம ஆளுக அந்தக் காலத்துல போடியிலேருந்து மாட்டு மேல உப்புப் பொதி ஏத்திக்கிட்டு இந்த மலைக்கு வருவாகளாம். திரும்பிப் போகும்போது ஏலக்காய். அப்படி வந்த ஒருத்தரு சோலைக்குள்ள வழி தப்பிட்டாரு. உள்ள போனவனுக்கு மதி கெட்டுரும், வழி தெரியாதுன்னுதான் அந்தக் காட்டுக்கே அந்தப் பேருன்னு சொல்லுவாக. நாள்கணக்கா ஆளைக் காணோம். செத்து மௌத்தாப் போனதா நினைச்சு ஃபாத்திஹாகூட ஓதிட்டாக.”

“அப்புறம்?”

“மாட்டையும் ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கமா இறங்கி வந்து நின்னாராம். என்னப்பா மதி கெட்டுப் போச்சான்னு கேட்டதுக்கு, கெட்டது காட்டுக்கு, எனக்கில்லைன்னாராம். அன்னையிலேருந்து அவருக்கு அதுதான் பேரு. பாலக்காட்டுல குடியேறினப்பவும் அதைக் கௌரவமா வச்சுக்கிட்டாரு. கடைக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.”

முன்சீட்டில் ஃபிரோஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். “அப்ப யாரு வெட்டினது?”

மைமூன் பேசியபோது முப்பது வருட எஸ்டேட் தமிழ் அவள் நாக்கிலிருந்து நழுவி, பழைய சித்தூர்ப் பேச்சு வந்து ஒட்டிக்கொண்டது.

“ரத்தினசாமி லோடு இறக்க வந்தாருங்க. கடையில நான்தான் நின்னேன். பலகையைப் பார்த்துட்டு, ஏனுங்க, எங்கூருக் காட்டோட பேரு உங்க கடைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. நான் இந்தக் கதையைச் சொன்னேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பிச்சுது.” அவள் பையின் காதை விரலில் சுற்றினாள். “நான் அவரோட ஊட்டை விட்டுப் போன மறு வாரமே எங்கண்ணன் பலகையை வெட்டிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பேருதான் அவனைக் கொண்டுவந்துச்சுன்னு கோபம்.”

அன்சிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் ஊராக அவள் தேடிய பெயரை அத்தா வேண்டாம் என்று அறுத்துப் போட்டார். வீட்டைவிட்டு விலக்கப்பட்டவள் அதைக் கொண்டுவந்து மலைமேல் வைத்து, மகனுடைய வண்டியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறையூரைத் தாண்டும்போது அஷ்ரஃப் கூப்பிட்டான். ஹஸீனாவின் கணவன். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன், இப்போது மூச்சு வாங்கினான்.

“அன்சி, எங்க இருக்கீங்க?”

“மறையூரு. மச்சான், ஆளு கிடைச்சாச்சு. கூட்டிட்டு வந்துட்டிருக்கோம்.”

“சீக்கிரம் வாங்க. அவளுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சிருச்சு. மருந்து போட்டு நிறுத்தப் பார்க்கறாங்க. நிக்கலைன்னா இன்னைக்கே எடுத்தாகணும்கறாங்க. ஒரு பைதான் இருக்குன்னு டாக்டர் திட்டறாரு.”

பின்னால் ஐசும்மாவின் அழுகை கேட்டது. போன் அவள் கைக்குப் போனது.

“ஆருடி கிடைச்சது?”

அன்சிலா பதில் சொல்லவில்லை. போனை மைமூனின் காதருகே வைத்தாள்.

“மச்சி” என்றாள் மைமூன், அண்ணியை அழைக்கும் பழைய முறையில். “நான்தான். அழாதீங்க. வந்துட்டிருக்கேன்.”

ஐசும்மாவின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அன்சிலாவுக்கு அது அத்தா செய்ததைவிட அதிகமாக வலித்தது.

ஃபிரோஸ் இதற்குமுன் இப்படி வண்டி ஓட்டியதில்லை. உடுமலையில் ரயில்வே கேட், பொள்ளாச்சியில் கரும்பு லாரிகள், கோபாலபுரத்தில் எல்லை தாண்டியதும் ரோட்டில் குழி. ஒவ்வொன்றுக்கும் அன்சிலா உள்ளுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். மைமூன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “ஏதாவது சாப்பிடறீங்களா மாமி?” என்று கேட்டதற்கு, பையிலிருந்த ரொட்டியைக் காட்டி இரண்டு கடி கடித்தாள்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரி வாசலில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ரத்த வங்கி தரைத்தளத்தில் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சைனுதீன் அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. வாய் எதையோ சொல்ல முயன்றது.

மைமூன் அவரைக் கடந்து போனாள்.

“ரத்தம் எடுக்கற எடம் இதுதானேம்மா?” என்று அன்சிலாவைத்தான் கேட்டாள்.

உள்ளே ஜிஸ்மி என்று பெயர்வில்லை குத்தியிருந்த பெண் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்டாள். வயதைக் கேட்டாள்.

“வீட்டுப்பேரு?”

“மதிகெட்டான்.”

ஜிஸ்மியின் விரல் நின்றது. “அது காடல்லே சேச்சி?” என்று மலையாளத்தில் கேட்டாள்.

“வீடும்தான்” என்றாள் மைமூன்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். குரூப் சரிதான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தபோது அஷ்ரஃப் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ஆனால் ஜிஸ்மி இன்னொரு சிறிய கருவியை இரண்டு தடவை பார்த்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

ரத்த வங்கியின் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

“ஹீமோகுளோபின் பன்னெண்டரை இருக்கணும். இவங்களுக்குப் பதினொண்ணரைதான். வேற யாரா இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். இந்த வயசுல, இவ்வளவு தூரம் பயணம் பண்ணிட்டு வந்திருக்காங்க.”

“எடுங்க டாக்டர்” என்றாள் மைமூன். ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்து கையை மடித்துவிட்டிருந்தாள்.

“நீங்க சொல்றது சரிம்மா. மேல அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கலை. ஒரு பையை வச்சுக்கிட்டு உள்ள கொண்டுபோனா பத்தாது, அதுவும் எனக்குத் தெரியும். வழக்கத்தைவிடக் குறைச்சு எடுக்கலாம். உங்களை இங்கேயே படுக்க வச்சுப் பார்த்துக்கறோம். ஆனா ஆபத்தே இல்லைன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். உங்க நெருங்கின சொந்தம் ஒருத்தர் எல்லாம் தெரிஞ்சு சரின்னு சொல்லணும். யார் இருக்கா?”

அன்சிலா வாசல் பக்கம் திரும்பினாள்.

“நான் சொல்றேன்.”

கதவருகே சைனுதீன் நின்றிருந்தார்.

“நான் அவளோட அண்ணன்.”

அந்த வார்த்தையை அத்தாவின் வாயிலிருந்து கேட்பது அன்சிலாவுக்கு இதுதான் முதல்முறை. அதைச் சொல்லி முடித்ததும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்புவதற்குள் மைமூன் பேசினாள். குரல் உயரவில்லை.

“அவர் சொல்ல வேணாம் டாக்டர். எடுன்னு சொன்னாலும் வேணாம், எடுக்காதேன்னு சொன்னாலும் வேணாம். என் வீட்டுக்காரரு போனப்புறம் எனக்காகச் சொல்றதுக்கு ஒருத்தன் இருக்கான். என் மகனைக் கேளுங்க.”

“மகன் எங்கே?”

“சூரியநெல்லியில.”

“நேரமில்லைம்மா.”

“போன்ல கேளுங்க.”

அன்சிலா தன் போனை எடுத்தாள். ரிஜினின் எண்ணை அழுத்தினாள். சித்தூர் என்ற பேரைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தவன், பிறகு அவளுடைய ஒரு அழைப்பைக்கூட எடுக்காதவன். மணி போய்க்கொண்டே இருந்தது. மாடிப்படியில் யாரோ ஓடி இறங்கும் சத்தம். “டாக்டர், தியேட்டர்லேருந்து கேக்கறாங்க” என்று ஒரு குரல்.

மணி நின்றது.

“ம்.”

“ரிஜின், நான் அன்சிலா. அம்மா பக்கத்துல இருக்காங்க.” விஷயத்தை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பதினொண்ணரை. ஆபத்து இல்லை என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நீங்கள் சொன்னால்தான் எடுப்பார்கள்.

எதிர்முனையில் ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது அணைந்தது.

“அந்த ஆளு அங்க நிக்கறாரா?”

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. மைமூன் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நிக்கறாரு” என்றாள் அன்சிலா.

“அவர்கிட்டப் போனைக் குடுங்க.”

அன்சிலா அத்தாவைப் பார்த்தாள். சைனுதீன் கதவு நிலையை விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் போனை வாங்கினார்.